காலில் பழைய காயமுள்ள குதிரையை வாங்கப் போகிறீர்களா? என் கதையைக் கேட்டுவிட்டுப் போங்கள்

நான் வாங்கிய பெண் குதிரை என் லாயத்துக்கு வந்த ஐந்தாம் நாள் காலை நொண்டியது. முதல் நான்கு நாள் துளிகூடத் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை என்று புரிந்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

பார்க்கப் போன அன்றைக்கே அடையாளம் கண்ணெதிரே இருந்தது. இடது முன்னங்காலில், முழங்காலுக்கும் கணுவுக்கும் நடுவே, பின்பக்கம் வில் மாதிரி லேசாகப் புடைத்திருந்தது. கேட்டேன். "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி பட்ட அடி, ஆறிப்போச்சு. எக்ஸ்ரே இருக்கு பாருங்க" என்றார் விற்றவர். படத்தை வெளிச்சத்தில் பிடித்தும் காட்டினார். எலும்பு சுத்தமாக இருந்தது. நானும் நிம்மதியாகிவிட்டேன்.

தப்பு அங்கேதான் நடந்தது. அந்த இடத்தில் புடைப்பு இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது தசைநாணை, அதாவது தசையை எலும்போடு இணைக்கும் நாரை. எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், தசைநாண் கிழிந்திருப்பது தெரியாது. அதற்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்தான் வேண்டும். நான் அதைக் கேட்கவே இல்லை. அவரும் சொல்லவில்லை.

இன்னும் இரண்டு விஷயங்களை அன்று கவனிக்காமல் விட்டேன். நான் போய்ச் சேரும்போதே சேணம் பூட்டி, ஓட்டி, உடம்பைச் சூடேற்றி வைத்திருந்தார்கள். உடம்பு சூடேறிவிட்டால் லேசான நொண்டல் தெரியாமல் போகலாம். முன்னங்கால்கள் இரண்டும் ஈரமாக இருந்தன. "இப்பத்தான் கழுவினோம்" என்றார்கள். தடவிப் பார்த்தேன், சூடே இல்லை. குளிர்ந்த தண்ணீரைப் பீய்ச்சி அடித்த காலில் சூடு எப்படித் தெரியும்?

நொண்ட ஆரம்பித்ததும் என் கால்நடை மருத்துவரை அழைத்தேன். அவர் காலைத் தூக்கி மடக்கிப் பிடித்து, தசைநாணைக் கட்டைவிரலால் மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் குதிரை வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டது. அப்புறம் ஸ்கேன். ஒரே சீராகச் சாம்பல் நிறத்தில் தெரிய வேண்டிய தசைநாணின் நடுவில் கறுப்பாக ஒரு ஓட்டை. பழைய தழும்புக்குப் பக்கத்திலேயே புதிதாகக் கிழிந்திருக்கிறது, இந்தக் கிழிசல் ஏற்பட்டு இரண்டு வருஷம் ஆகியிருக்க வாய்ப்பில்லை என்றார்.

ஃபினைல்பியூட்டசோன் என்ற வலிமருந்தைப் பற்றியும் அவர்தான் சொன்னார். குதிரைக்காரர்கள் சுருக்கமாக 'பியூட்' என்பார்கள். அதைக் கொடுத்தால் வலி அமுங்கி, குதிரை ஒழுங்காக நடக்கும். சில நாளில் மருந்தின் வேகம் இறங்கியதும் நொண்டல் வெளியே வரும். என் குதிரைக்குக் கொடுத்தார்கள் என்று என்னால் நிரூபிக்க முடியாது. வாங்கும் அன்று ரத்தம் எடுத்துப் பரிசோதித்திருந்தால் முடிந்திருக்கும். உடனே பரிசோதிக்காவிட்டாலும், மாதிரியை எடுத்துப் பத்திரப்படுத்தி வைக்கச் சொல்லலாம். தயவுசெய்து இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

சோதிக்க வரும் மருத்துவர் நீங்கள் அழைத்தவராக இருக்கட்டும், விற்பவரின் குதிரைகளை வழக்கமாகப் பார்ப்பவர் வேண்டாம். சேணம் பூட்டாமல், லாயத்தில் நிற்கிற குதிரையைத்தான் பார்க்க வருவேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கெட்டித் தரை, மணல் தரை இரண்டிலும், இரண்டு பக்கமும் வட்டமாக ஓடவிட்டுத் தலையைக் கவனியுங்கள். முன்னங்கால் வலித்தால், அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலே எழும். நல்ல கால் படும்போது தாழும். மருத்துவர் மூட்டை ஒரு நிமிடம் போல மடக்கிப் பிடித்து, விட்டவுடன் ஓடவிடுவார். அப்போது விந்துகிறதா என்று பாருங்கள்.

அதற்காகக் காலில் அடிபட்ட குதிரையை வாங்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். தசைநாண் ஆறும், ஆனால் தழும்புக்குப் பழைய நெகிழ்வு வராது. அதனால் அதே கால் மறுபடி கிழியும் அபாயம் எப்போதும் உண்டு. நிதானமான சவாரிக்கு என்றால், ஸ்கேன் நன்றாக இருக்கும் பட்சத்தில், யோசிக்கலாம். தாண்டல், பந்தயம், வேக ஓட்டம் என்றால் நான் தொடமாட்டேன். "ஆறிடுச்சு" என்று சொல்பவரிடம் அடிபட்ட சமயத்தில் எடுத்த ஸ்கேனையும் ஆறிய பிறகு எடுத்த ஸ்கேனையும் கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் நீங்களே எடுங்கள். அதற்கு அவர் மறுத்தால் கிளம்பி வந்துவிடுங்கள்.

விற்றவருக்கு ஃபோன் செய்தேன். "நீங்க பார்த்துத்தானே வாங்குனீங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். அதற்குப் பிறகு எடுப்பதில்லை.

குதிரையைத் திருப்பி அனுப்பவோ இன்னொருவர் தலையில் கட்டவோ எனக்கு மனம் வரவில்லை. இது ஏழாம் மாதம். முதலில் லாயத்துக்குள்ளேயே ஓய்வு, பிறகு கையில் பிடித்து ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று நடை. தினமும் காலையில் இரண்டு கால்களையும் தொட்டுச் சூட்டை ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் வெளியே கூட்டிப் போகிறேன். அடுத்த ஸ்கேன் நன்றாக வந்தால், முதுகில் ஏறி நடக்கவிடலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.