நுண்வாசிப்பா, கோட்பாட்டு வாசிப்பா?

இலக்கிய வகுப்பில் பிரதியை மட்டும் வைத்துப் படிப்பதா, கோட்பாட்டோடு படிப்பதா? இதற்கு ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டினின் ‘மேன்ஸ்ஃபீல்ட் பார்க்’ (1814) நல்ல உரைகல்.

அமெரிக்கப் புதுத் திறனாய்வாளர்களின் வழி, ஆசிரியரின் வாழ்க்கை, நோக்கம், காலம் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டுச் சொல்லைக் கூர்ந்து பார்ப்பது. நாவலின் நாயகி ஃபேனியின் தயக்கம் எந்த வாக்கியத்தில் ஒளிந்திருக்கிறது என்று மாணவர் பிடித்துவிடுவார். ஆனால் அவள் வளரும் மேன்ஸ்ஃபீல்ட் பார்க் மாளிகைக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கத் தோன்றாது.

காலனி ஆட்சி இலக்கியத்தில் விட்ட தடங்களை ஆராய்ந்த கோட்பாட்டாளர் எட்வர்ட் சயீத் 1993இல் கேட்டது அதைத்தான். மாளிகையின் உரிமையாளர் சர் தாமஸ் பெர்ட்ராமுக்குக் கரீபியக் கடலில் உள்ள ஆன்டிகுவா தீவில் சொத்து இருக்கிறது, அந்தக் காலத்தில் அங்கே கரும்புத் தோட்டங்களில் உழைத்தவர்கள் அடிமைகள், நாவலோ அந்தத் தீவை அங்கங்கே சில வரிகளில் கடந்துவிடுகிறது. அடிமை வணிகத்தைப் பற்றித் தான் கேட்டதும் எல்லோரும் மௌனமாகிவிட்டார்கள் என்று ஃபேனி சொல்வாள். பிரிட்டன் அந்த வணிகத்தை 1807இலேயே தடை செய்திருந்தது. முதல் வாசிப்பில் நான் அந்த இடத்தைச் சும்மா தாண்டிப் போனேன். சயீதைப் படித்த பிறகு தாண்ட முடியவில்லை.

சரி, கோட்பாட்டில் ஆபத்தே இல்லையா? இருக்கிறது. நூலைத் திறக்கும் முன்பே விடை கையில் இருந்தால் எதைப் படித்தாலும் ஒரே கட்டுரைதான் வரும். ஆனால் சயீத் ஆஸ்டினை ஒதுக்கச் சொல்லவில்லை, இன்னும் கவனமாகப் படிக்கத்தான் சொன்னார்.

என்னைக் கேட்டால் முதல் பருவத்தில் நுண்வாசிப்பு, அடுத்த பருவத்தில் அதே நாவல், சயீதின் கட்டுரையோடு.