கழிப்பதா, வகுப்பதா?

மட்டக்களப்பு வாவியை வைத்து நானும் தம்பியும் செய்கிற ஆர்பிஜி கேமில் (ஒரு பாத்திரமாக நின்று சண்டைபிடித்து முன்னேறுகிற விளையாட்டு) அடிக்கணக்குக்கு, அதாவது ஒரு அடியில் எதிரிக்கு எவ்வளவு சேதம் என்று கணக்கிட, இரண்டு வழி பார்த்தோம். தாக்குதலில் தற்காப்பைக் கழிப்பது லேசு, ஆனால் கல்லடிப் பாலத்தடி நண்டுக்குத் தற்காப்பு 15, எங்கட ஆளின் தாக்குதல் 20 என்றால் அடி 5, வாள் ஒன்று +5 தந்ததும் அது 10, நண்டு பாதி நேரத்தில் செத்துவிடும். பிறகு தற்காப்பு 25 உள்ள கோட்டைக் காவலன் மேல் அதே வாளால் ஒரு கீறலும் விழாது. தாக்குதலை 100ஆல் பெருக்கி, தற்காப்போடு 100ஐக் கூட்டி வகுத்தால் நண்டுக்கு ஏறத்தாழ 17, வாளோடு 22, காவலனுக்கும் 20 விழும். எவனும் அசைக்க முடியாதவனாக ஆகமாட்டான். குறை என்னவென்றால் புது வாள் எடுத்த சந்தோசமே தெரியாது, தம்பி அதுக்குத்தான் முகத்தைச் சுழித்தான். சரி, வகுத்தலையே வைத்துக்கொண்டு வாள்களை +5க்குப் பதில் +10 ஆக்கினேன்.