ஏபி கவர்ன்மென்ட் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல தளம்: இன்டராக்டிவ் கான்ஸ்டிட்யூஷன்

என் மகள் அமெரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்பு. பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் படிக்கும் அமெரிக்க அரசியல் பாடமான ஏபி கவர்ன்மென்ட்டின் முதல் யூனிட்டிலேயே ஃபெடரலிசம், அதாவது மத்திய அரசும் மாநிலங்களும் அதிகாரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் முறை, வந்துவிடுகிறது. தேர்வுக்கென்று நாங்கள் வாங்கிய பயிற்சிப் புத்தகம் அதை ஒரு படத்தோடு முடித்துவிட்டது. ஒன்றின்மேல் ஒன்று ஏறிய இரண்டு வட்டங்கள்: நாணயமும் ராணுவமும் மத்திய அரசுக்கு, பள்ளிக்கூடம் மாநிலத்துக்கு, நடுவில் பொதுவாக வரி. அவளும் அதை மனப்பாடம் செய்துவிட்டு, “அப்போ கலிஃபோர்னியாவுல கஞ்சாக் கடை எப்படிம்மா இருக்கு? ஃபெடரல் சட்டத்துல அது குற்றமாச்சே?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் படத்தில் பதில் இல்லை.

அதை யோசிக்க வழி கிடைத்தது ஃபிலடெல்ஃபியாவில் உள்ள நேஷனல் கான்ஸ்டிட்யூஷன் சென்டர் நடத்தும் ‘இன்டராக்டிவ் கான்ஸ்டிட்யூஷன்’ தளத்தில். இலவசம். அரசியல் சட்டத்தின் ஏதாவது ஒரு பிரிவைத் தொட்டால், எதிரெதிர் கருத்துள்ள இரண்டு சட்டப் பேராசிரியர்கள் சேர்ந்து எழுதிய விளக்கம் வரும். இருவருக்கும் சம்மதமான விஷயம் மட்டும்தான் அதில் இருக்கும். அதற்குப் பிறகு அவரவர் தரப்பை அவரவர் தனித்தனியாக வாதாடுகிறார்கள். இந்த அமைப்புக்காகவே இந்தத் தளத்தை நான் எல்லோருக்கும் சொல்கிறேன். எங்கே ஒத்துப்போகிறார்கள், எந்த இடத்தில் பிரிகிறார்கள் என்று பிள்ளைக்குக் கண்ணெதிரே தெரிகிறது.

மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தைக் காங்கிரஸுக்கு (அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு) தரும் வணிகப் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே எழுதியிருப்பவர்கள் ராண்டி பார்னெட்டும் ஆண்ட்ரூ கோப்பல்மேனும். மருந்துக்குக் கஞ்சா பயன்படுத்திய கலிஃபோர்னியா நோயாளிகள் ஃபெடரல் தடையை எதிர்த்துத் தொடுத்த வழக்கு 2005இல் தீர்ப்பானபோது, அவர்கள் தரப்பில் உச்ச நீதிமன்றத்தில் வாதாடித் தோற்றவர் இதே பார்னெட்தான்! வீட்டுத் தோட்டத்தில் சொந்த மருந்துக்காக வளர்த்தாலும் காங்கிரஸ் தடுக்கலாம் என்று 6-3 கணக்கில் தீர்ப்பு வந்தது. அதற்குப் பத்தாண்டு முன்னால், 1995 லோபஸ் வழக்கில், பள்ளிக்கு அருகே துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுத்த ஃபெடரல் சட்டம் வணிகத்தில் சேராது என்று 5-4இல் ரத்தானது. லோபஸ், பாடத்திட்டத்தில் கட்டாயம் படிக்கவேண்டிய வழக்கு. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்த அன்று என் மகள் தூங்கப் போகவே இல்லை. கட்டிலில் உட்கார்ந்து என்னோடு வாதாடிக்கொண்டிருந்தாள். பள்ளித் துப்பாக்கிச் சட்டம் செல்லாது என்பதை அவள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று எழுதத் தெரிகிறது. தேர்வில் வரும் வாதக் கட்டுரைக்கு அதுதானே வேண்டும்.

நம் ஊரில் மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என்று படித்துவிட்டு வந்த எனக்கும் இது புதிது. இங்கே மாநிலங்களுக்கென்று பட்டியலே கிடையாது. நம் சட்டத்தில், எந்தப் பட்டியலிலும் வராத எஞ்சிய அதிகாரம் மத்திய அரசுக்கு; இங்கே 1791இல் வந்த 10ஆம் திருத்தப்படி, மத்திய அரசுக்குக் கொடுக்காத, மாநிலங்களுக்குத் தடுக்கவும் செய்யாத அதிகாரங்கள் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியவை. பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க உட்காரும் பெற்றோர் இதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

கட்டுரைகள் பேராசிரியர் நடையில்தான் இருக்கின்றன. ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் தனியாகப் படித்தால் திணறுவார்கள். பக்கத்தில் யாராவது இருக்கவேண்டும். லேயர் கேக் (இரு அரசுகளின் வேலையும் தனித்தனி அடுக்காக), மார்பிள் கேக் (இரண்டும் கலந்து) என்று வகுப்பில் கேட்கும் ஃபெடரலிச வகைப்பாடுகளுக்கும், மத்திய அரசு மாநிலங்களுக்குத் தரும் மானியங்களின் வகைகளுக்கும் பாடப்புத்தகம்தான். மாதிரித் தேர்வுக் கேள்விகளையும் தனியாகத் தேடிக்கொள்ளுங்கள்.

ஆரம்பிக்கிறவர்கள் வணிகப் பிரிவில் தொடங்குங்கள். அடுத்து ‘அவசியமும் பொருத்தமுமான’ சட்டங்களை இயற்றும் பிரிவு. அதோடு, அந்தப் பிரிவுக்கு உச்ச நீதிமன்றம் விரிவான பொருள் தந்த 1819 மெக்கல்லக் வழக்கையும் சேர்த்துப் படிக்கவேண்டும். 10ஆம் திருத்தத்தை அதற்குப் பிறகு படித்தால்தான் விளங்கும்.