தாவர ஆய்வுக் கட்டுரைகளைக் காசில்லாமல் படிப்பது: என் ஆறு வருட அனுபவம்

நிலக்கோட்டைப் பக்கம் எங்களுக்கு முப்பது சென்ட் மல்லித் தோட்டம் இருக்கிறது. ஆறு வருடத்துக்கு முன் ஒரு சித்திரையில் மொட்டெல்லாம் அடி பருத்து, ஊதா நிறம் ஏறி, விரியாமலே கருகத் தொடங்கின. மருந்துக் கடையில் சொன்னதை மூன்று தடவை அடித்தும் நிற்கவில்லை. சரி, நாமே படித்துப் பார்ப்போம் என்று இணையத்தில் தேடினேன். முதலில் கண்ணில் பட்ட கட்டுரைக்கு 39 டாலர் கேட்டார்கள். அன்றைக்குப் பறித்த பூவை மொத்தமாக விற்றாலும் அந்தப் பணம் தேறாது.

வழி திறந்தது ஒரு பெயரால்தான். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அக்ரிடெக் தளத்தில் மல்லிகைப் பூச்சிகளின் அறிவியல் பெயர்கள் இருக்கின்றன. மொட்டைத் தாக்கும் சின்ன ஈயின் பெயர் கான்டரினியா மாகுலிபென்னிஸ். அந்தப் பெயரை ஆங்கிலத்தில் போட்டுத் தேடியதும் ஹவாய் பல்கலைக்கழகத்தின் இலவசக் கையேடு கிடைத்தது. நம் குண்டுமல்லியை அங்கே பிகாகே என்கிறார்கள், மாலை கட்டுகிறார்கள். அதே ஈ அங்கே ஆர்க்கிட் பூவையும் கெடுக்கிறது. தக்காளி, கத்தரி, பாகல் பூக்களிலும் வளர்கிறது. புழு மொட்டை விட்டு மண்ணில் விழுந்து அங்கேதான் கூட்டுப்புழுவாகிறது.

எங்கள் மல்லிக்குப் பக்கத்திலேயே பாகல் பந்தல் இருந்தது! பந்தலைப் பிரித்தோம். கெட்ட மொட்டுகளைக் கீழே போடாமல் பையில் கட்டி அப்புறப்படுத்தினோம், செடிக்கடியில் மண்ணைக் கொத்திவிட்டோம். அடுத்த பருவத்தில் சேதம் பாதிக்கும் கீழே இறங்கியது.

அதிலிருந்து இன்றுவரை தேடுவதை நிறுத்தவில்லை. ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் ஒவ்வொரு கட்டுரைக்குக் கீழும் ‘ஆல் வெர்ஷன்ஸ்’ என்று வரும். ஒரு பிரதி பூட்டியிருந்தாலும் இன்னொன்று ஆசிரியரின் பல்கலைக்கழகத் தளத்தில் திறந்து கிடக்கலாம். கணினி உலாவியில் அன்பேவால் என்ற இலவச நீட்சியைப் போட்டுக்கொண்டால் இந்த வேலையை அதுவே செய்கிறது. இலவசப் பிரதி இருந்தால் ஓரத்தில் பச்சைப் பூட்டு தெரியும். ஆய்விதழ்களின் இணையக் களஞ்சியமான ஜேஸ்டோரில் இலவசக் கணக்கு தொடங்கினால் மாதம் 100 கட்டுரைகள் வரை இணையத்திலேயே படிக்கலாம். பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரியில் பழைய தாவர நூல்கள் அருமை, ஆனால் இன்றைய பூச்சிக்கு அங்கே பதில் கிடைக்காது.

எனக்கு அதிகம் உதவியவை மாணவர்கள் பட்டத்துக்காக எழுதும் ஆய்வேடுகள். வேளாண் ஆய்வேடுகளின் தளமான கிருஷிகோஷிலும், எல்லாத் துறை ஆய்வேடுகளும் உள்ள சோத்கங்காவிலும் நம் ஊர் மண்ணில், நம் வெயிலில் நடந்த சோதனைகள் முழு அட்டவணையோடு இருக்கின்றன. கட்டுரையில் நான்கு வரியில் முடிகிற விஷயம் ஆய்வேட்டில் நாற்பது பக்கம் ஓடும். பொறுமை வேண்டும், அவ்வளவுதான். நான் முதலில் முடிவுரையைப் படித்துவிட்டு, அப்புறம் சோதனை எந்த ஊரில், எந்த மாதத்தில் நடந்தது என்று பார்ப்பேன்.

இலவசம் என்பதற்காக எல்லாவற்றையும் நம்ப முடியாது. பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடுகிற இதழ்கள் இருக்கின்றன. அப்படி ஒன்றில் வந்த மருந்து அளவை நம்பி அடித்து, இரண்டு வரிசைச் செடியில் கொழுந்து கருகியது. இப்போது இதழின் பெயர் தரம் பார்த்து இலவச ஆய்விதழ்களைச் சேர்க்கும் டிஓஏஜே பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்காமல் எதையும் தோட்டத்துக்குக் கொண்டுபோவதில்லை. பட்டியலில் இருந்தாலும் முதலில் இரண்டு செடியில் மட்டும்தான் சோதனை.

2025 ஜனவரியில், ஆய்விதழ்களுக்கு மத்திய அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் வந்தபோது மிகவும் ஆசைப்பட்டேன். 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள். ஆனால் அது அரசு உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களில் இருப்பவர்களுக்கானது. பூ பறிக்கிறவருக்கு அதில் கணக்கு இல்லை. மாவட்டத்துக்கு ஒரு பொது நூலகத்திலாவது இதைத் திறந்துவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அதுவரை பூட்டிய கட்டுரைக்கு நான் ஆசிரியருக்கே மின்னஞ்சல் எழுதுகிறேன். என்ன பயிர், என்ன பிரச்சினை, எந்தக் கட்டுரை என்று நான்கு வரி போதும். பதினைந்து பேருக்கு எழுதியதில் ஒன்பது பேர் அனுப்பினார்கள். ஒருவர் செடியின் படம் கேட்டு வாங்கிப் பார்த்துப் பதிலும் சொன்னார். இப்போது வேரில் முடிச்சு விழுகிறது. மெலாய்டோகைன் இன்காக்னிட்டா என்ற நூற்புழுவாக இருக்கலாம் என்று கிருஷிகோஷில் ஒரு ஆய்வேட்டைத் திறந்து வைத்திருக்கிறேன், இன்னும் அறுபது பக்கம் பாக்கி.