உரசுவது வலப்பக்கம், கோளாறு இடப்பக்கக் கீலில்: பழைய அம்பாசிடர் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

அம்பாசிடர் மார்க் 2 ஒன்று. டிக்கி டோர் மூடும்போது வலது கீழ் மூலையில் உரசிப் பெயிண்ட் போகிறது என்று ஒரு டிங்கர் பட்டறைக்குப் போனது. பன்னிரண்டு நாள் கழித்து ரூ. 18,500 பில்லோடு திரும்பியது. பில்லில் இருந்தது ஒரே வரி: 'பின்பக்க டிங்கரிங், பட்டி, பெயிண்ட்.' அடுத்த மழைக்காலத்துக்குள் இடது விளிம்பில் பட்டி (தகட்டின் பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை) பாளம் பாளமாக உதிர்ந்தது. வலது விளிம்பில் துரு கொப்பளித்தது. டிக்கிக்குள் இரண்டு விரல் தண்ணீர்.

வண்டி பட்டறைக்குப் போகும்போது டிக்கி டோரின் கீழ் ஓரத்தில் வலப்பக்க இடைவெளி 2 மி.மீ., இடப்பக்கம் 8 மி.மீ. கண்ணாடிக்குக் கீழே உள்ள மேல் விளிம்பிலும் இடது மூலை மட்டும் விரிந்திருந்தது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தாலே கோளாறு எங்கே என்று தெரிந்துவிடும். இடது கீலின் 'பின்' (கீல் சுழலும் அச்சுக் கம்பி) தேய்ந்து, டோர் அந்தப் பக்கம் பின்னால் சரிந்திருக்கிறது. மேலே இடது மூலை இறங்கினால் கீழ் ஓரம் முழுக்க வலப்பக்கம் ஒதுங்கும். 3 மி.மீ. ஒதுங்கினாலே 5-க்கு 5 என்று இருந்த இடைவெளி 2-க்கு 8 ஆகிவிடும். பார்க்கிறவனுக்கு 6 மி.மீ. வித்தியாசம் பெரிய விபத்து போலத் தெரியும். "பாடியே வளைஞ்சு போச்சு சார்" என்ற வசனம் இங்கேதான் எடுபடுகிறது.

பட்டறை செய்தது இதுதான். உரசிய வலது விளிம்பை கிரைண்டர் வைத்துத் தேய்த்தார்கள். டிக்கி டோரின் வெளித்தகடு உட்சட்டத்தைச் சுற்றி மடித்து அடிக்கப்பட்டது. அந்த மடிப்பின் முதுகைத் தேய்த்துவிட்டால் இரண்டு தகடும் பிரிந்து, நடுவில் தண்ணீர் இறங்கும். மேலே எத்தனை கோட் அடித்தாலும் துரு உள்ளிருந்து வரும். இடப்பக்கம் 8 மி.மீ. இடைவெளியை மறைக்க விளிம்பில் பட்டியைக் கட்டி வளர்த்தார்கள். பள்ளத்தில் 2 மி.மீ. பட்டி நிற்கும். விளிம்பில், அதுவும் ஒரு நாளைக்கு நாலு தடவை அடித்து மூடும் இடத்தில், நிற்கவே நிற்காது. கீலை யாரும் தொடவில்லை. ஆட்டம் அப்படியே இருந்தது.

போதாததற்கு, தண்ணீர் வராமலிருக்க வேறு ஏதோ வண்டியின் தடித்த பீடிங்கை (டிக்கி வாயைச் சுற்றி வரும் ரப்பர் பட்டையை) ஒட்டியிருந்தார்கள். டோர் எம்பி நின்றது. அதை அழுத்திப் பிடிக்க லாக் பிளேட்டை (லாக் மாட்டிக்கொள்ளும் தகட்டை) கீழே இறக்கினார்கள். ஓங்கி அடித்தால்தான் மூடும், அடிக்க அடிக்கத் தேய்ந்த கீல் இன்னும் தேயும். டிக்கி சரியாக அடைபடாத வண்டியில் ஓடும்போது சைலன்சர் புகை உள்ளே இழுக்கப்படும். கண்ணாடி ஏற்றி நெடுந்தூரம் போகிறவர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பட்டறைக்குப் போகுமுன் வீட்டிலேயே பார்த்துவிடலாம். சமதரையில் நாலு சக்கரத்திலும் வண்டி நிற்கட்டும். ஜாக்கி போட்டுத் தூக்கிய நிலையில் எடுத்த அளவுக்கு மதிப்பில்லை, ஏனென்றால் அம்பாசிடருக்குத் தனி சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. துரு ஏறிய பாடி முறுக்கிக்கொள்ளும். பீடிங்கையும் லாக்கையும் கழற்றிவிட்டு டோரை மெதுவாக இறக்குங்கள். இப்போது சரியாக உட்கார்ந்தால் குற்றம் பீடிங்கிலோ லாக்கிலோதான். உட்காராவிட்டால், பாதி திறந்த நிலையில் டோரின் ஒவ்வொரு மேல் மூலையையும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கீலில் 'டக்' என்றால் பின் தேய்ந்திருக்கிறது. இடைவெளி அளக்க 5 மி.மீ. டிரில் பிட்டின் வால் போதும். கடைசியாக டிக்கி வாயின் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்து பாருங்கள். அரை சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால்தான் பாடி வேலையைப் பற்றிப் பேச வேண்டும். இந்த வண்டியில் இரண்டும் ஏறக்குறைய சமம்.

தேய்ந்த பின்னுக்கு வைத்தியம் லேத்தில் இருக்கிறது. முட்டை வடிவமாகிப்போன ஓட்டையை ரீமர் (ஓட்டையைச் சீவிச் சீராக்கும் கருவி) போட்டு வட்டமாக்கி, அதற்கேற்ற தடிமனில் புதுப் பின் கடைய வேண்டும். ஓட்டை மிகவும் போயிருந்தால் பித்தளை புஷ் (ஓட்டைக்குள் இறக்கும் சிறு குழல்) இறக்க வேண்டும். அரைநாள் வேலை. கீலைக் கழற்றுமுன் அது உட்கார்ந்திருக்கும் இடத்தைச் சுற்றிக் கூர் ஊசியால் கோடு கிழித்துவிடுங்கள். திரும்ப மாட்டும்போது ஒவ்வொரு கீலிலும் ஒரு போல்ட்டை மட்டும் லேசான பிடிப்பில் வைத்து, இரண்டு பேராக நின்று உள்ளங்கையால் தட்டி நகர்த்த வேண்டும். உயரம் குறைந்தால் கீலுக்கு அடியில் ஷிம் (மெல்லிய தகட்டுத் துண்டு) வைக்கலாம். கேஸ் வைத்துக் கீலைச் சூடாக்கி வளைக்கிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

இடைவெளி சரி, ஆனால் ஒரு மூலை மட்டும் தூக்கி நிற்கிறது என்றால் டோர் முறுக்கியிருக்கிறது. தாழ்ந்த மூலைக்கு அடியில் துணி சுற்றிய மரக்கட்டை வைத்து, தூக்கி நிற்கும் மூலையைக் கையால் அழுத்துங்கள். கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொரு தடவையும் கட்டையை எடுத்துப் பார்த்து. லாக்கை மாட்டுவது எல்லாவற்றுக்கும் கடைசியில். அம்பாசிடர் தயாரான உத்தரபாரா தொழிற்சாலையிலிருந்து வந்த புது வண்டியிலேயே இடைவெளி சீராக இருந்ததில்லை, ஒரு மி.மீ. வித்தியாசத்துக்கு மல்லுக்கட்ட வேண்டாம்.

வேலைக்கு விடுவதாக இருந்தால் டோரின் உட்பக்கம் ஒரு ரகசியக் குறி போடுங்கள். நல்ல ஒரிஜினல் டோரை எடுத்துக்கொண்டு ஒட்டுப்போட்டதை மாட்டிவிடுவதும் நடக்கிறது. பிரைமர் அடிக்குமுன் போட்டோ கேளுங்கள். கூலி, சாமான், பெயிண்ட் தனித்தனியாக எழுதிய பில் வேண்டும். வண்டி எடுக்கும்போது மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை விளிம்பெல்லாம் ஓட்டுங்கள், பட்டி தடித்த இடத்தில் பிடிக்காது. ஒரு பேப்பர் துண்டை பீடிங் மேல் வைத்து மூடி இழுங்கள். சுற்றிலும் ஒரே மாதிரி இறுக்கமாக வர வேண்டும். பிறகு சாதாரண ஹோஸில் பத்து நிமிடம் தண்ணீர் விட்டுப் பார்த்து, அதற்கப்புறம் மீதிப் பணம்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் பழைய போட்டோ, பில், உதிர்ந்த பட்டித் துண்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க 2 ஆண்டு அவகாசம் உண்டு. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகார்க் கட்டணம் கிடையாது.