நரம்பு வலி மாத்திரையால் வயிறு கட்டினால்: இசப்கோல், வெள்ளைப் பவுடர், பர்மா தேக்கு முக்காலி

கோட்டையூரில் தேன்குழல், சீப்புச் சீடை, மனகோலம் போட்டு ஆர்டருக்குக் கொடுக்கிறவள் நான். வயது 61. இந்த ஆறு மாதத்தில் மலச்சிக்கலுக்கென்று காசு கொடுத்து வாங்கிப் பார்த்தவற்றைப் பற்றி எழுதுகிறேன். சர்க்கரை, முட்டி வலி, பிரஷர் என்று திண்ணையில் உட்கார்ந்து எல்லாம் பேசுகிறோம். இதை மட்டும் கூடப்பிறந்தவளிடம்கூடச் சொல்வதில்லை. நானும் சொல்லாமல் இருந்துதான் ஒன்பது நாள் வரை இழுத்துக்கொண்டேன்.

போன வருஷம் ஐப்பசியில், தீபாவளி ஆர்டர் நெருக்கத்தில், இடது மார்புக்குக் கீழே தொடங்கி முதுகு வரை பட்டையாக அக்கி போட்டது. வழக்கப்படி மண்பானை செய்கிற வேளாரிடம் போய்க் காவியில் அக்கி எழுதிக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்குப் போனது ஆறாம் நாள். கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மாத்திரை ஆரம்பித்தால்தான் முழுப் பலன் என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது. எழுதிக்கொள்கிறவர்கள் எழுதிக்கொள்ளுங்கள், அன்றைக்கே டாக்டரையும் பார்த்துவிடுங்கள்.

மூன்று வாரத்தில் கொப்புளம் காய்ந்து உதிர்ந்தது, வலி அப்படியே நின்றுவிட்டது. ரவிக்கைத் துணி உரசினாலே, மிளகாய் அரைத்த கையை வைத்து அழுத்தினமாதிரி எரியும். மதுரையில் நரம்பு டாக்டரைப் பார்த்தேன். இரவில் ப்ரீகாபலின் 75 மில்லிகிராம், அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம். நாலாவது ராத்திரி தூங்கினேன். மூன்று மாதம் கழித்து வந்த தூக்கம். அதனால் அந்த மாத்திரைகளை நான் ஒருநாளும் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் வாய் காய்ந்துபோயிற்று, கூடவே வயிறும் நின்றது. அந்த நேரம் பார்த்து முட்டி வலிக்கு உள்ளூரில் ஒரு கிளினிக்கில் காட்டினேன். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. டிரமடால் என்கிற வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அதன்பிறகு ஒரேயடியாகக் கட்டிக்கொண்டது.

முதலில் வாங்கியது இசப்கோல் உமி. எல்லார் வீட்டு அலமாரியிலும் இருக்கிற பச்சை அட்டைப்பெட்டி. "ராத்திரி பாலில் ரெண்டு ஸ்பூன் போட்டுக் குடிங்க ஆச்சி, காலையில சரியாப் போகும்" என்று பக்கத்து வளவில் சொன்னார்கள். அரை டம்ளர் பாலில் கலக்கிக் குடித்தேன். மாத்திரையோடு சேர்த்தே குடித்தேன், அதுவும் தப்பாம். உமி மாத்திரையை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். நாலு நாள் அப்படியே செய்தேன். வயிறு உப்பிக் கல்லாகிப் போனது, போகவும் இல்லை.

ஏன் என்று பிறகு சமையல்கட்டில் வைத்தே பார்த்தேன். இரண்டு கண்ணாடி டம்ளர் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூன் உமி போட்டேன். ஒன்றில் முழு டம்ளர் தண்ணீர், இன்னொன்றில் கால் டம்ளர். கால் மணி நேரத்தில் முழுத் தண்ணீர் ஊற்றியது ஜவ்வரிசிக் கஞ்சிமாதிரி வழுக்கிக்கொண்டு ஓடியது. கால் டம்ளர் ஊற்றியது கும்மாயம் கிண்டி ஆறவைத்த மாதிரி இறுகி, டம்ளரைக் கவிழ்த்தாலும் விழவில்லை. இந்த இரண்டாவது டம்ளர்தான் என் வயிறு. குடல் நன்றாக நகர்ந்து, தண்ணீரும் நிறையக் குடிக்கிறவர்களுக்கு இசப்கோல் நல்ல பொருள். மாத்திரையால் குடலே மெதுவாகிப்போனவர்களுக்கு, அதிலும் டிரமடால் வகை சாப்பிடுகிறவர்களுக்கு, அது உள்ளே போய் அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். பெட்டி பாதிக்குமேல் மிச்சமிருந்தது, தங்கச்சி மகளுக்குக் கொடுத்துவிட்டேன். அவளுக்கு அது ஒத்துக்கொள்கிறது.

வாழைத்தண்டுக் கூட்டு, கீரை, வெண்டைக்காய் மண்டி, கவுனி அரிசி எல்லாம் எங்கள் வீட்டில் என்றைக்கும் உண்டு. சாப்பாட்டில் குறை வைத்து வந்த சிக்கல் இல்லை இது. கொய்யாப்பழம் சாப்பிடச் சொன்னவர்கள், கடுக்காய்ப் பொடி கொண்டுவந்து கொடுத்தவர்கள் எல்லாரும் நல்ல மனசோடுதான் சொன்னார்கள். விளக்கெண்ணெய் ஒருதடவை குடித்து, வயிறு முறுக்கிப் பாதி நாள் படுத்திருந்தேன்.

அடுத்தது கடைக்காரர் கொடுத்த பைசகோடில் மாத்திரை. ராத்திரி போட்டால் 6 முதல் 12 மணி நேரத்தில் வேலை செய்யும். மாத்திரைக்கு மேலே ஒரு பூச்சு இருக்கிறது. இரைப்பையைத் தாண்டிக் குடலுக்குப் போனபிறகுதான் அது கரையவேண்டும். பாலோடு சாப்பிட்டால் பூச்சு முன்னாலேயே கரைந்துவிடும். நான் எல்லா மாத்திரையும் பாலில்தான் போடுகிறவள். விடிகாலை மூன்று மணிக்குக் குடலைப் பிழிகிற வலி. பாலுக்கும், அல்சர் மருந்துக்கும், இந்த மாத்திரைக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும் என்று கொடுத்தவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மருந்தின்மேல் குறை இல்லை. சரியாகச் சாப்பிட்டால் அவசரத்துக்கு உதவுகிற மாத்திரைதான்.

அந்தக் கடையைப் பற்றி எனக்கு மனத்தாங்கல் உண்டு, பெயர் சொல்லப்போவதில்லை. மூன்றாவது தடவை போனபோது, "நரம்பு மாத்திரையை நிப்பாட்டிப் பாருங்க, தன்னால சரியாயிரும்" என்றார். நிறுத்தினேன். இரண்டு நாள் ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை, வேர்த்துக் கொட்டியது, எரிச்சல் இரண்டு மடங்காகத் திரும்பியது. ப்ரீகாபலினைத் திடீரென்று நிறுத்தவே கூடாது, நிறுத்தவேண்டி வந்தால் டாக்டர்தான் படிப்படியாக இறக்குவார். மருந்துக்கடையில் நிற்கிறவர் வாயிலிருந்து இப்படி ஒரு யோசனை வரலாமா?

ஒன்பதாம் நாள் மகன் காரைக்குடிக்குக் கூட்டிப்போனான். கல்லுக்கட்டிப் பக்கம் வேறொரு மருந்துக்கடை. உள்ளே இருந்தது சின்னப் பெண், பி.பார்ம் படித்தவள். நான் பேதி மாத்திரை கேட்டேன். அவள் எடுக்கவில்லை. "வேற என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க ஆச்சி? பையில இருந்தா எல்லாத்தையும் இங்க வைங்க" என்றாள். வைத்தேன். ஒவ்வொரு அட்டையாகத் திருப்பிப் பார்த்து இரண்டாகப் பிரித்தாள். அமிட்ரிப்டிலின், டிரமடால், சுண்ணாம்புச் சத்து மாத்திரை ஒருபக்கம். ப்ரீகாபலினை யோசித்து அதையும் அந்தப் பக்கமே தள்ளினாள். பிரஷர் மாத்திரை ஒன்றுதான் இந்தப் பக்கம் மிஞ்சியது. "இந்த நாலுமே வயித்தக் கட்டும். அதோட அமிட்ரிப்டிலினும் டிரமடாலும் ஒண்ணாச் சாப்பிடுறது உங்க மதுரை டாக்டருக்குத் தெரியுமா?"

தெரியாது. இரண்டும் சேர்ந்தால் வலிப்பு மாதிரி வேறு ஆபத்துகளும் வரலாம் என்றாள். வாந்தி இருக்கிறதா, வயிறு வீங்கி வலிக்கிறதா, காற்றாவது பிரிகிறதா என்று கேட்டாள். வாந்தியோ, காற்றே பிரியாமலோ இருந்தால் கடைக்கு வந்திருக்கவே கூடாது, நேரே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும் என்றாள். அங்கேயே மகன் போனில் மதுரைக்குப் பேசினான். டாக்டர் டிரமடாலை நிறுத்தச் சொன்னார். அமிட்ரிப்டிலினுக்குப் பதில் அதே வகையில் உலர்த்துகிற குணம் குறைந்த நார்ட்ரிப்டிலின். மலத்துக்குப் பாலி எத்திலீன் கிளைக்கால் பவுடர். இடுப்புக்குக் கீழே அடைத்திருந்ததை மறுநாள் ஆஸ்பத்திரியில் எனிமா கொடுத்து எடுத்தார்கள். அதைப் பற்றி அதிகம் எழுதவில்லை, பத்து நிமிஷ வேலை. செவிலியர் பெண் தோளைத் தடவிக்கொண்டே நின்றாள்.

இனி அந்தப் பவுடர். ஆறு மாதமாக நான் விடாமல் சாப்பிடுகிற பொருள் இதுதான். வெள்ளையாக, கல்கண்டுப் பொடியைவிட நைசாக, மணம் இல்லாமல் இருக்கும். ஒருவேளைக்கு 17 கிராம். டப்பா மூடியே அளவு. பலகாரத் தராசில் மூன்று தடவை போட்டுப் பார்த்தேன், கோடு வரை நிரப்பினால் சரியாகவே வருகிறது. ஒரு டம்ளர் வெந்நீரில் போட்டால் இரண்டு சுற்றில் கரைந்து, தண்ணீர் தெளிந்துவிடும். அடியில் தங்காது, இசப்கோல்மாதிரி இறுகாது. நாக்கில் ருசி ஒன்றும் தெரியாது. மோரில் போட்டேன், காப்பியிலும் போட்டேன், காப்பிக்கு ஒரு குறையும் வரவில்லை.

இது குடலைப் பிடித்துத் தள்ளுகிற மருந்து இல்லை. ரத்தத்தில் ஏறாமல், குடித்த தண்ணீரைப் பிடித்துக்கொண்டே குடல் வழியாகக் கீழே போகும், மலம் இளகும். அவ்வளவுதான் வேலை. டிரமடால் மாதிரி மாத்திரைகள் குடலின் அசைவைக் குறைக்கிறபோது மலம் உள்ளேயே கிடந்து, தண்ணீரெல்லாம் உறிஞ்சப்பட்டுக் காய்ந்துவிடுகிறது. வலி மாத்திரையின் தலைசுற்றலும் குமட்டலும் நாளாக ஆக உடம்புக்குப் பழகிவிடும். இந்தக் கட்டு மட்டும் பழகுவதே இல்லை. அதனால்தான் கட்டினபிறகு பார்ப்பதைவிட மாத்திரை தொடங்கும்போதே கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

குறைகளையும் சொல்லவேண்டும். குடித்த உடனே ஒன்றும் நடக்காது. ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை ஆகும். எனக்கு மூன்றாம் நாள் காலைதான். இரண்டாம் நாள் ராத்திரி பொறுக்கமாட்டாமல் இன்னொரு மூடி போடப்போனேன், மருமகள் தடுத்தாள். நல்லகாலம், போட்டிருந்தால் பேதியாகியிருக்கும். இசப்கோலைவிட விலையும் கூடுதல், மாதத்துக்கு ஒரு டப்பா பற்றாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவேண்டாம். கூடவே தண்ணீரும் குடிக்கவேண்டும். நான் அடுப்படியில் ஒரு செம்பு வைத்துக்கொண்டு, மத்தியானத்துக்குள் இரண்டு தடவை காலி செய்கிறேன்.

நடுவில் டப்பா கிடைக்காத ஒரு வாரம் லாக்டுலோஸ் சிரப் குடித்தேன். வேலை செய்தது. ஆனால் வெல்லப் பாகைக் குடிப்பதுபோலத் திகட்டும், காற்றும் அதிகம். விரத நாளில் கோயிலில் நிற்க முடியவில்லை.

கடைசியாக முக்காலி. எங்கள் வீட்டில் மூன்றாம் கட்டுக்குப் பின்னால் குந்தி உட்காருகிற பழைய கழிப்பறைதான் இருந்தது. முட்டிக்காக நாற்காலிமாதிரி உட்காருகிறதாக மாற்றினோம். மாற்றினதிலிருந்து முக்கவேண்டியிருந்தது. குந்தி உட்காரும்போது ஆசனவாய்க்கு மேலே குடலைச் சுற்றிப் பிடித்திருக்கிற தசை தளர்ந்து வழி நேராகும், நாற்காலிபோல உட்கார்ந்தால் அந்த வளைவு நிமிராது. காலுக்குக் கீழே உயரம் கொடுத்தால் பாதிக்குமேல் சரியாகிவிடும். முதலில் பிளாஸ்டிக் ஸ்டூல் வைத்தேன். ஈரத்தில் வழுக்கி ஒருநாள் விழப்பார்த்தேன், அன்றைக்கே தூக்கிவிட்டேன்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் வீதியில் பழைய சாமான் கடைகளில் தேடினேன். யார் வீட்டு இரண்டாம் கட்டிலோ கிடந்த பர்மா தேக்கு முக்காலி. மேல்பலகை நடுவில் கொஞ்சம் குழிந்து, எத்தனையோ வருஷம் உட்கார்ந்த வழவழப்பு. உயரம் ஒரு சாணுக்கு விரல்கடை குறைவு. டேப் வைத்தால் எட்டு அங்குலம், சொல்லிவைத்த அளவு. 900 கேட்டார், 650க்குக் கொடுத்தார். மூன்று காலுக்கும் கைத்தடியில் மாட்டுகிற ரப்பர் புஷ் மாட்டினேன். இப்போது நகர்வதில்லை. இரண்டு பாதத்தையும் அதன்மேல் வைத்து, முன்னால் குனிந்து, முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொள்வேன். முக்குவதே இல்லை. வாரத்துக்கு ஒருநாள் துடைத்து முற்றத்து வெயிலில் வைக்கிறேன். வாங்கினதில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நேரம் காலை ஆறரை, காப்பி குடித்த கால் மணி நேரத்தில். வயிற்றில் சூடாக ஏதாவது விழுந்ததும் பெருங்குடல் தானாக அசையும். அந்த நேரத்தில் அடுப்புப் பற்றவைக்காமல் போய் உட்கார்ந்துவிடுகிறேன்.

இன்னொன்று. நாள்கணக்காகக் கட்டியிருக்கும்போது ஓரமாகத் தண்ணியாகக் கசியும். எதிர்வீட்டு அம்மா அதைப் பேதி என்று நினைத்துப் பேதி நிற்கிற மாத்திரை போட்டுக்கொண்டார், ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆயிற்று. ரத்தம் வந்தாலும், காரணமில்லாமல் எடை இறங்கினாலும் பவுடரை வைத்துக்கொண்டு உட்காராமல் காட்டிவிடுங்கள்.

வலி இப்போது பாதியாகியிருக்கிறது, ரவிக்கை போட முடிகிறது. பவுடர் ஒருநாள் விட்டு ஒருநாள். கோட்டையூரில் எல்லா நாளும் இருப்பு இருக்காது. காரைக்குடிக்குப் போகும்போது இரண்டு டப்பாவாக வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் மாத்திரை அட்டைகளையும் பையில் போட்டுக்கொண்டு போய்க் காட்டுங்கள்.