நீச்சல் குளத்துக்கு மாத்திரைக் குளோரினா, திரவக் குளோரினா?

மிதவையில் போட்டால் மெல்லக் கரையும் ட்ரைகுளோர் மாத்திரை, அன்றாடம் அளந்து ஊற்ற வேண்டிய திரவக் குளோரினைவிட வசதியானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது நீரின் பிஎச் (அமில-காரத் தன்மை) அளவைக் குறைப்பதோடு, ஒவ்வொரு 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு) குளோரினுக்கும் ஏறத்தாழ 6 பிபிஎம் சயனூரிக் அமிலத்தையும் சேர்க்கிறது. வெயிலில் குளோரின் சிதையாமல் காக்க இந்த அமிலம் ஓரளவு தேவைதான். எனினும் அது ஆவியாகாமல் தங்கிப் பெருகும்போது குளோரினின் வேகம் மட்டுப்படுவதால், சோதனைப் பட்டையில் குளோரின் போதுமானதாகத் தெரிந்தாலும் பாசி பிடித்து நீர் கலங்கிவிடும். அப்போது ஒரு பகுதி நீரை வெளியேற்றிப் புதுநீர் நிரப்ப வேண்டியிருக்கும். திரவக் குளோரினில் இத்தொல்லை இல்லை. வெப்பத்தில் வீரியம் இழக்கும் என்பதால் நிழலில் வைத்தால் போதும். கலங்கிய குளத்துக்கு, மோட்டாரை ஓடவிட்டு மாலையில் திரவத்தை ஊற்றுவதையே பரிந்துரைப்பேன். இரண்டையும் ஒரே கலனில் கலந்தால் நச்சு வாயு கிளம்பும். ஒருபோதும் கலக்கக் கூடாது.